வாசிக்காமல் விட்ட மூன்று சுவைகள்

எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சுப்பர்மார்க்கெட்டில் வாய் திறக்காத அலுமாரி ஒன்று உண்டு. காசு வாங்கும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில், ஓர் எழுத்துக்கூட இல்லாமல் நிற்கும். சிட்னிக்கு வந்த புதிதில் அதை மின்சாரப் பெட்டி என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் எனக்கு முன்னால் நின்றவர் தாழ்ந்த குரலில் ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கையை உள்ளே விட்டு, ஒரு சிகரெட் பெட்டியை எடுத்துவிட்டு உடனே மூடினாள். பெட்டியிலும் பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை. அழுகிப்போன ஒரு கால்விரலின் படம்தான் இருந்தது. விற்கிறார்கள், ஆனால் காட்டுவதில்லை. வேப் என்கிற மின்சிகரெட்டின் பாடு இன்னும் மோசம். இப்போது அதை மருந்துக்கடையில் கேட்டுத்தான் வாங்கலாம், அங்கேயும் அது கண்ணில் படாது. பிரதமரைப் பெயர் சொல்லித் திட்டிவிட்டு அடுத்தநாள் நிம்மதியாக வேலைக்குப் போகக்கூடிய நாட்டில், ஓர் அலுமாரிக்கு மட்டும் ஏன் இந்த வாய்ப்பூட்டு என்று எனக்கு நெடுநாளாக விளங்கவில்லை.

நான் வந்த இடத்தில் எல்லாம் தலைகீழாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் சிகரெட் கண்ணாடிப் போத்தலில் முன்னுக்கு நிற்கும். பற்றவைப்பதற்கென்று ஒரு கயிறும் புகைந்துகொண்டு தூணில் தொங்கும். அங்கே ஒளித்து வைக்கப்பட்டது செய்திதான். அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தார். காலையில் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, குசினியில் தேங்காய் திருவும் அம்மாவுக்குக் கேட்கும்படி பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். தணிக்கை நடந்த காலங்களில் பத்திரிகையின் சில இடங்கள் வெறும் வெள்ளையாக வரும். தலைப்பு இருக்கும், அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. அந்த இடம் வந்ததும் அப்பா வாயை மூடிக்கொள்வார். ஆனால் தாளைத் திருப்ப மாட்டார். அங்கே எழுத்து இருந்திருந்தால் வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரமும் மேலிருந்து கீழே கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பார். குசினியில் திருவலைச் சத்தமும் நின்றுவிடும். "ஏன் அப்பா வாசிக்காமல் இருக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன். "வாசிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

அந்த வீட்டில் வளர்ந்த கௌரியாகிய நான் இன்று சிட்னியில் வானொலி அறிவிப்பாளர் என்று சொன்னால் அப்பா சிரித்திருப்பார். வாரநாட்களில் வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுபோகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், பல மொழிக்காரரும் நேரம் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரு சமூக வானொலியில், ஒரு மணித்தியாலம் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறேன். சம்பளம் கிடையாது. திட்டு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் வாசிப்பதை எனக்கு முன்னால் வேறு ஒருவரும் வாசித்துப் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. எனக்கோ அதுதான் அவுஸ்திரேலியா. குடியுரிமை கிடைத்த அன்று கூட நான் இந்த நாட்டுக்காரி என்று தோன்றவில்லை. முதல் ஞாயிறு ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்து, என் பின்னால் யாரும் நிற்கவில்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டபோதுதான் தோன்றியது. இந்த ஒன்றை இழந்துவிடுவேனோ என்று நான் கலங்கிய ஒரு வாரத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். வேப் சாதாரணக் கடைகளிலும் கிடைத்த காலம் அது.

எங்கள் நிகழ்ச்சியின் உயிர் செய்தியில் இல்லை, பாட்டிலும் இல்லை. பிறந்தநாள் வாழ்த்தில் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரு வயது என்றால் சிட்னியில் உள்ள அப்பா அம்மா தொடங்கி, கனடா மாமா, லண்டன் சித்தி, கொழும்புப் பெரியப்பா வரைக்கும் பெயர் பெயராக வாசிக்க வேண்டும். ஒருமுறை நேரம் போதாமல் ஒரு சித்தப்பாவை விட்டுவிட்டோம். அதன்பிறகு ஹெலன்ஸ்பர்க் கோயிலில் குழந்தை வீட்டாரும் சித்தப்பா வீட்டாரும் ஆளையாள் முகம் பார்க்காமல் சாமி கும்பிட்டதை நானே பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம்: வாழ்த்தில் கை வைக்கக் கூடாது. தொலைபேசிக்கு எப்படி வந்ததோ அப்படியே வாசிப்பது. கடை திறந்த நாளைக்கூடப் பிறந்தநாள் என்று எழுதி அனுப்புவார்கள், அதையும் வாசிப்போம். விதியைப் போட்டவள் நான்தான். என்னோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தும் சுரேஷ் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் சென்னைக்காரர், கணினி வேலை, எதற்கும் ஒரு நியாயம் கேட்கிற சுபாவம்.

குகன் எங்கள் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தான். படகில் வந்தவன். தற்காலிக விசாவில் பல வருடம் இருந்து, நிரந்தர விசா கிடைக்கும் என்று நம்பிக்கை வந்த கையோடு கடை போட்டான். அரிசிக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் ஒரு மூலையில் வேப்பும் விற்கத் தொடங்கியிருந்தான். நிக்கொட்டின் இல்லாதது என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்த நாளில் அப்படிப்பட்டதை விற்கலாம், விளம்பரம் செய்யத்தான் கூடாது. ஒருநாள் நான் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது கிட்ட வந்தான்.

"அக்கா, றேடியோவில ரெண்டு வரி சொல்லிவிடுங்கோவன். புது வேப் வந்திருக்கெண்டு."

"விளம்பரம் செய்ய ஏலாது தம்பி. சட்டம் விடாது."

"விக்கலாம், ஆனா வாயைத் திறக்கக் கூடாதோ? வாயைத் திறக்க ஏலாமல்தானே அக்கா நான் கடல் ஏறினனான். இங்க வந்தும் விசாக்காரர் என்ன நினைப்பினமோ எண்டு பொத்திக்கொண்டு இருந்தனான். இப்ப சொந்தக் கடைக்குள்ள நிண்டும் பொத்திக்கொண்டு இருக்கிறதோ?"

வெள்ளைப் பத்திரிகை பார்த்து வளர்ந்தவளிடம் போய் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? கிழங்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீடு வரும் வரைக்கும் அவன் கேட்டதில் பிழை எங்கே என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

அடுத்த ஞாயிறு வாழ்த்து வாசிக்கும் முறை சுரேஷுடையது. மூன்று குழந்தைகளையும் ஓர் அறுபதாம் கலியாணத்தையும் வாசித்து முடித்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்போடு அடுத்ததைத் தொடங்கினார். "முதலாவது பிறந்தநாளைக் கொண்டாடும் குகன் கடையை, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, பிரான்சிலிருந்து அண்ணா, அண்ணி, மற்றும் கடைக்குப் புதிதாக வந்திறங்கியிருக்கும் மாம்பழ வேப், புதினா வேப், வத்தகப்பழ வேப் ஆகியோர் வாழ்த்துகிறார்கள்." அதோடு விட்டாரா? வத்தகப்பழம் என்றால் தர்ப்பூசணி என்று இந்தியத் தமிழர்களுக்கு விளக்கமும் சொன்னார். நான் பாய்ந்து பாட்டைப் போட்டேன். "சுரேஷ், என்ன செய்து வைச்சிருக்கிறீர்?" என்றேன். "குகன் அனுப்புனதை அப்படியே வாசிச்சேன். வாழ்த்துல கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே கௌரிக்கா சொன்னீங்க?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குச் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது, அதனால் சரியாகத் திட்டவும் முடியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி நடையில் வாசுகி என்னை மறித்தாள். நெஞ்சு நோயாளர் பகுதியில் தாதியாக வேலை செய்கிறவள், நல்ல பழக்கம். "கௌரி அக்கா, றேடியோ ஸ்டேசனுக்குப் போன் அடிச்சு முறைப்பாடு சொன்னது நான்தான். உங்களுக்குச் சொல்லாமல் ஒளிச்சிருக்கக் கூடாதெண்டு சொல்லுறன்," என்றாள். எதற்காக என்று கேட்டேன். "நேற்றுக் காருக்குள்ள கேட்டுக்கொண்டு போனம். என்ர மகளுக்குப் பதினைஞ்சு வயசு. அவளுக்குத் தமிழ் அரைகுறை அக்கா. ஆனா மாம்பழம் எண்டவுடன, அடுத்து வாற சுவையெல்லாம் சுரேஷுக்கு முன்னமே இங்கிலீசில சொல்லி முடிச்சிட்டாள்." தட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் யார் சொன்னது என்று தெரியாமலேயே ஆட்கள் காணாமற் போனார்கள். முறைப்பாடு செய்தவள் முகத்துக்கு நேரே வந்து நின்று, கண் கலங்க, நான்தான் செய்தேன் என்று சொல்வதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவளில் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

வானொலி நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் ஜேன் என்கிற வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனுஷி, ஆனால் எங்கள் வாழ்த்து விவகாரம் அவருக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. அன்று பின்னேரம் கூப்பிட்டு விசாரித்தார்.

"யாருடைய பிறந்தநாள்?"

"ஒரு கடையுடையது."

"கடைக்குப் பிறந்தநாளா? சரி, வாழ்த்தியது யார்?"

"அம்மா, அண்ணா, அண்ணி, பிறகு மூன்று சுவைகள்."

ஜேன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இது விளம்பரம், சட்டத்துக்கு மாறானது, நிலையத்தின் உரிமத்துக்கே கேடு என்றார். எல்லாம் நியாயம்தான், ஒப்புக்கொண்டேன். பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. இனிமேல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வாசிக்கப்போவது அத்தனையையும் ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும், தான் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஞாயிறு ஒலிபரப்பு. இது வெறும் நடைமுறைதான், மனதில் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். நாங்கள் பிழை விட்டால் பிறகு தண்டியுங்கள், நிகழ்ச்சியை நிறுத்துங்கள், ஆனால் நான் வாசிக்க முன்னம் நீங்கள் வாசித்துப் பார்க்காதீர்கள் என்றேன். ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன்: பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிக்காமல் இருந்த அந்தக் காலைகளைப் பற்றி. என்னுடைய ஆங்கிலம் எனக்கு உணர்ச்சி வந்தால் காலை வாரிவிடும். ஜேன் மிகுந்த கரிசனையோடு கேட்டுவிட்டு, "உங்கள் அப்பாவுக்குக் கண் பார்வை குறைவாக இருந்ததா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரேயொரு ஞாயிறு தாருங்கள், நீங்களும் வந்து இருந்து பாருங்கள், அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார்.

அந்த வாரம் முழுக்க சுரேஷோடு தொலைபேசியில் மல்லுக்கட்டினேன். "விக்கிறது சட்டப்படி சரின்னா, விக்கிறேன்னு சொல்றதும் சரியாத்தானே இருக்கணும்? பேச்சு சுதந்திரம்னா என்னங்க அது?" என்று அவர் விடவே இல்லை. உள்ளூர எனக்கும் அதே கேள்விதான். வாசுகி சொன்னதை நினைத்தால் சட்டம் சரி என்று படும், குகன் சொன்னதை நினைத்தால் அநியாயம் என்று படும். கடைசியில், "இதையெல்லாம் எனக்குச் சொல்லாதேயும், மைக்கில வந்து சொல்லும்," என்றேன். வாசுகியையும் கூப்பிட்டேன், உடனே வாறன் என்றாள். குகனிடம் போனேன். கடைக்குள் ஆள் இருந்ததால் வெளியே வந்து நின்று, "என்னால உங்கட நிகழ்ச்சி போகப்போகுதோ அக்கா?" என்று கேட்டான். அவன் முகம் வாடிக் கிடந்தது. போகாது, நீயும் போனில் வந்து கதை, ஆனால் சுவை ஒன்றையும் சொல்லாதே என்றேன்.

ஞாயிறு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜேன் ஒரு குவளை தேநீரோடு இருந்தார். போன வாரம் நாங்கள் செய்தது விளம்பரம், அது பிழை என்று நான் முதலில் சொன்னேன். பிறகு சுரேஷ் தொடங்கினார். பெரியவர்கள் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாற வேண்டும் என்றால் அவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டாமா, தெரியப்படுத்துவதையே குற்றம் என்றால் எப்படி, இது மடத்தனமான சட்டம் என்று போட்டுத் தாக்கினார். வாசுகி சும்மா இருக்கவில்லை. "தெரியப்படுத்திறதெண்டால் டொக்டர் தெரியப்படுத்தட்டும். மாம்பழ வாசம் ஆருக்குப் போடுறீங்கள்? அறுபது வயசுக்காரருக்கோ?" என்று பிடித்துக்கொண்டாள். சுரேஷ் மேசையில் தட்ட, வாசுகி எழும்பி நின்று கதைக்க, கண்ணாடிக்கு அப்பால் ஜேன் தேநீரை வைத்துவிட்டு எழும்பினார். நான் கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. சுரேஷ் இவ்வளவு நேரமாக அரசாங்கத்தின் சட்டத்தை நாறடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வாகனமும் வந்து வாசலில் நிற்கவில்லை. சட்டம் பிழை என்று சொல்ல இங்கே தடை இல்லை, சாமானை விற்கச் சொல்லத்தான் தடை. எங்கள் ஊரில் வெள்ளையாக விடப்பட்ட இடம் ஏன் வெள்ளை என்று கேட்பதற்கே ஆள் இருக்கவில்லை. குகன் கேட்ட நாளிலிருந்து நான் தேடிய பதில் அந்தச் சத்தத்துக்குள் இருந்தது.

பிறகு குகனின் அழைப்பு வந்தது. "வணக்கம்," என்று தொடங்கினான். "விளம்பரமெண்டால் பாடமாக்கி வைச்சிருந்தனான். இப்ப என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்ல." நாங்கள் மூவரும் காத்திருந்தோம். "வாசுகி அக்கா, உங்கட மகள் என்ர கடைக்கு வந்ததில்ல. ஆனா சின்னப் பிள்ளையளுக்கு அந்த வாசம் ஆசையாத்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும். அதை யோசிக்கத்தான் வேணும். ஆனா இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கேல்ல. அதையும் சொல்லத்தான் வேணும்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "அக்கா, ஒரு அரசாங்கத்தின்ர சட்டம் பிடிக்கேல்ல எண்டு என்ர பேரைச் சொல்லி நாலு பேருக்குக் கேட்கச் சொல்லுறது இதுதான் முதல் தரம்." அவனை எதிர்த்துக் கதைக்க வந்த வாசுகிதான் முதலில் கை தட்டினாள். நான் பாட்டைப் போட்டேன்.

பாட்டு ஓடும்போது ஜேன் கதவைத் திறந்தார். "சண்டையா? யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா?"

"இல்லை, விவாதம். எங்கள் ஆட்கள் சந்தோஷமாக இருந்தாலும் இப்படித்தான் கேட்கும்."

"சட்டத்தைத் திட்டினீர்களா?"

"சுரேஷ் நன்றாகத் திட்டினார்."

"எதையாவது விற்றீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் வியாழக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இருக்கிறது," என்றார் ஜேன். "ஆனால் அந்த வாழ்த்துகளை யாராவது முதலில் பார்க்கத்தான் வேண்டும். அதை நீங்களே பாருங்கள்." அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை, கூச்சத்தோடு முதுகில் தட்டிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு குறுகுறுப்பும் இருந்தது. ஒலிபரப்புக்கு முன்னம் ஒருவரும் வாசித்துப் பார்க்கக் கூடாது என்று நின்றேன், இனி அப்படிப் பார்க்கிற ஆள் நானேதான். சித்தப்பாக்களில் கை வைக்க மாட்டேன், சுவைகளில் வைப்பேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நிகழ்ச்சி முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. குகனின் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து இணையத்தில் கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். மகனின் கடைக்கு அவர் சொன்ன வாழ்த்து ஒரு பிழையோடு சேர்ந்து அழிந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை. தொலைபேசியில் அதைத் தேடி எடுத்து மறுபடி வாசித்தேன். முதலாவது பிறந்தநாளைக் கொண்டாடும் குகன் கடையை, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, பிரான்சிலிருந்து அண்ணா, அண்ணி. அந்த இடத்தில் நிறுத்தினேன். ஒலிபரப்பில் அமைதி நீண்டால் எங்கள் நிலையத்து இயந்திரம் தானாகவே பாட்டைப் போட்டுவிடும், அதனால் அறிவிப்பாளர்கள் இருமக்கூடப் பயப்படுவார்கள். நான் பயப்படவில்லை. மூன்று சுவைகளையும் வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரமும் எழுத்தில் கண்ணை ஓட்டினேன். முன்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் காது எங்கேயோ ஒரு குசினியில் திருவலைச் சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே அந்த அமைதியை எங்கள் மேல் போட்டார்கள். இங்கே அதை நானே போட்டேன், காரணத்தையும் ஒரு மணித்தியாலமாகச் சொல்லியிருந்தேன். ஆனாலும் இரண்டும் ஒரே அளவாகத்தான் இருந்தன. கண்ணாடிக்கு அப்பால் ஜேனின் கை பாட்டுப் போடும் விசைக்குப் போவது தெரிந்தது. "ஆகியோர் வாழ்த்துகிறார்கள்," என்று முடித்தேன்.

நான் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனில் அவருடைய குரல் கேட்டது. "கௌரி, என்ன நடந்தது? ஏன் வாசிக்காமல் நிறுத்தினீர்கள்?"

"நிறுத்தவில்லை," என்றேன். "வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்."